பெரிய எல்.சி. வாங்காத இசக்கி

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கிற தம்பிகளே, தங்கைகளே,

உங்கள் பொறியாளர் அம்மா என்னைக் கூப்பிட்டு, "ஐயா, விதிமுறையெல்லாம் நாங்களே சொல்லிக்கிடுதோம். நீங்க உங்க அனுபவத்தைச் சொன்னா போதும்" என்று சொல்லிவிட்டார். நல்லதாய்ப் போயிற்று. விதிமுறையைப் பேச ஆரம்பித்தால் எனக்கே கொட்டாவி வரும். வாயால் பேசினால் பாதி வழியில் எங்கேயாவது கிளை பிரிந்து போய்விடுவேன் என்று என் வீட்டுக்காரி பயப்பட்டதால் எழுதியே கொண்டுவந்திருக்கிறேன்.

முதலில் ஒரு பேச்சுவழக்கைச் சொல்லிவிடுகிறேன். இந்தப் பிரிவில் கொஞ்ச நாள் இருந்தால் அது உங்கள் காதில் விழும். நம் ஆட்களில் ஒருவர் கம்பத்தில் வேலை பார்க்கும்போது உயிரை விட்டுவிட்டால், செத்துப்போனார் என்று நாங்கள் சொல்வதில்லை. "அண்ணாச்சி பெரிய எல்.சி. வாங்கிட்டாரு" என்போம்.

எல்.சி. என்றால் லைன் கிளியர். அது உங்களுக்கு இப்போதே தெரிந்திருக்கும். லைனில் கை வைக்கும் முன் துணைமின் நிலையத்தில் கேட்டு, கரண்டை நிறுத்தச் சொல்லி, "தொடலாம்" என்ற அனுமதியை வாங்குகிறோம். வேலை முடிந்ததும் "ஆட்கள் எல்லாரும் இறங்கியாச்சு" என்று சொல்லி அந்த எல்.சி.யைத் திருப்பிக் கொடுக்கிறோம். பெரிய எல்.சி.யை இதுவரை யாரும் திருப்பிக் கொடுத்ததில்லை.

நான் சேர்ந்த புதிதில் இந்தப் பேச்சைக் கேட்டு, யாருக்கோ பெரிய பதவி வந்திருக்கிறது போல என்று நினைத்துக்கொண்டு, "விருந்து எப்போ?" என்று கேட்டுவிட்டேன். எல்லாரும் கையிலிருந்த டீயைக் கீழே வைத்தார்கள். என்னுடைய முதல் போர்மேன் மட்டும் கோபப்படவில்லை. தோளில் கை போட்டு வெளியே கூட்டிக்கொண்டு போய் அர்த்தம் சொன்னார். சொல்லிவிட்டு, "நீ விருந்து சாப்பிடணும்னா உயிரோட கீழ எறங்கி வா. அதுக்குத்தான் நமக்குச் சம்பளம்" என்றார். அவர் சொன்னதில் எனக்கு ஞாபகம் இருப்பது இது ஒன்றுதான். மற்றதெல்லாம் அவர் வெற்றிலை போட்டுக்கொண்டே சொன்னதால் பாதி புரியாது.

சுவரொட்டி அடிப்பவர்கள் இதையே வீரமரணம் என்று போடுவார்கள். எனக்கு அந்தச் சுவரொட்டியைப் பார்த்தாலே எரிச்சலாக வரும். செத்தவனுக்கு ஆள் உயரத்துக்கு மாலை. உயிரோடு இறங்கி வந்தவனைப் பார்த்து, "என்ன அண்ணாச்சி, ஒரு கம்பியக் கட்ட இவ்வளவு நேரமா?" என்று கேட்பார்கள். நமக்கு அந்தக் கேள்விதான் மாலை. அதை வாங்கிப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்ச் சேருங்கள்.

இனி இசக்கி கதைக்கு வருகிறேன்.

இசக்கி எனக்குச் சில வயது இளையவன். நான் போர்மேன் ஆனபோது அவன் என் கோஷ்டியில் வயர்மேன். கம்பம் ஏறுவதில் அவனை மிஞ்ச நம் பிரிவில் ஆள் கிடையாது. ஏணி வைத்து முடிப்பதற்குள் மேலே உட்கார்ந்து எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பான். ஒரே ஒரு வியாதி அவனுக்கு. டிரான்ஸ்பார்மரில் ப்யூஸ் கட்டை மூன்றையும் பிடுங்கித் துண்டில் முடிந்து இடுப்பில் கட்டிக்கொண்டுவிட்டால், அதோடு உலகத்தில் கரண்டே கிடையாது என்று நினைப்பான்.

கட்டையை இடுப்பில் கட்டுவது நம் ஆட்களின் நல்ல பழக்கம். ஏறுகிறவன் மடியில்தான் கட்டை இருக்க வேண்டும். கீழே வைத்தால், ஊரில் எவனாவது கரண்டு தெரிந்த மகராசன் அதை எடுத்துச் சொருகிவிடுவான். ஆனால் கட்டை மட்டும் போதாது. கம்பியில் கை வைக்கும் முன் அதன் மேல் சங்கிலியை எறிந்து, மறுமுனையைத் தரையோடு சேர்க்க வேண்டும். எங்கிருந்தாவது கரண்டு வந்து தொலைத்தால் அது சங்கிலி வழியாக மண்ணுக்குள் போய்விடும், ஆள் பிழைப்பான். இதைச் சொன்னால் இசக்கி சிரிப்பான்.

"கட்டை மூணும் என் மடியில கெடக்கு அண்ணாச்சி. கரண்டு என்ன ஆகாசத்துல இருந்தா குதிச்சு வரும்?"

"வந்தா என்னலே செய்வே?"

"வந்தா வணக்கம் சொல்லுதேன்."

அவனோடு பேசி ஜெயிக்க முடியாது. நான் பார்க்கும்போது சங்கிலி போடுவான். பார்க்காவிட்டால் போட மாட்டான். உங்களிலும் இப்படி இரண்டு பேர் இருப்பார்கள். இப்போது தலையைக் குனிந்துகொண்டிருப்பவர்கள்தான்.

ஒரு ஆடி மாதம். ஆழ்வார்குறிச்சிப் பக்கம் ஒரு ஊரில் இசக்கியம்மன் கோயில் கொடை. நீங்கள் எல்லாம் இந்தப் பக்கத்து ஆட்கள், கொடை என்றால் என்ன என்று நான் சொல்ல வேண்டாம். வில்லுப்பாட்டு, மேளம், பொங்கல், வெளியூரிலிருந்து வந்து இறங்கிய சொந்தபந்தம். அன்று காலை மலைப்பக்கம் இருந்து அடித்த காற்றில் ஒரு பனைமட்டை முறிந்து லைனில் விழுந்து, கம்பி அறுந்து வாழைத்தோப்புக்குள் கிடந்தது. ஊர் முழுக்க இருட்டு. பகல் என்பதால் இருட்டு தெரியவில்லை, மோட்டார் ஓடாமல் தொட்டியில் தண்ணீர் இல்லாததுதான் தெரிந்தது. கொடை வீட்டில் தண்ணீர் இல்லையென்றால் எப்படி இருக்கும்? கோயில் கமிட்டியார் கொதித்துப்போயிருந்தார்கள்.

நாங்கள் மூன்று பேர் போனோம். நான், இசக்கி, உதவிக்கு ஒருவர். எல்.சி. வாங்கியாயிற்று. கட்டைகளைப் பிடுங்கி இசக்கி மடியில் கட்டியாயிற்று. அறுந்த இடம் தோப்பு ஓரத்தில் இருந்த கம்பத்துப் பக்கம். அந்தக் கம்பத்தைத் தாண்டி லைன் நேரே கோயிலுக்குப் போய், அதை ஒட்டிய நாலைந்து வீட்டோடும் ஒரு டீக்கடையோடும் முடிந்துவிடும். கம்பத்தடிக்குப் போனால் எங்களுக்கு முன்னால் கமிட்டியார் வந்து நிற்கிறார்கள். அவர்களுக்குப் பின்னால் பாதி ஊர் நிற்கிறது.

"அண்ணாச்சி, பன்னெண்டு மணிக்கு அம்மனுக்குப் பொங்கல். அதுக்குள்ள கரண்டு வரணும், வேற பேச்சே கெடையாது" என்றார் கமிட்டித் தலைவர். நெற்றியில் பெரிய பொட்டு, கழுத்தில் பட்டுத் துண்டு, தொண்டை மட்டும் மைக் செட் இல்லாமலே ஒரு ஊருக்குக் கேட்கும்.

ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். ஒருவர் கம்பியை எப்படிக் கட்டுவது என்று இசக்கிக்கே பாடம் நடத்தினார். இன்னொருவர் ஏணியைப் பிடிக்கிறேன் என்று வந்து ஏணியை ஆட்டினார். இப்படி நிற்கும் கூட்டத்துக்கு நடுவில் எவனும் ஒழுங்காக வேலை செய்ய முடியாது. அவசரம் தொற்றிக்கொள்ளும். நம் தொழிலில் கரண்டால் செத்தவர்களைவிட அவசரத்தால் செத்தவர்கள் அதிகம் என்பது என் எண்ணம். அதனால் நான் ஒரு வேலை செய்தேன். "வாங்க தலைவரே, கோயில்ல சர்வீஸ் வயர் எல்லாம் சரியா இருக்கான்னு பார்த்துருவோம்" என்று தலைவரைக் கிளப்பினேன். அவர் கிளம்பினால் கூட்டம் கிளம்பிவிடும். அப்படியே ஆயிற்று. என் பைக்கைத் தள்ளிக்கொண்டு, ஊரையே இழுத்துக்கொண்டு கோயிலுக்கு நடந்தேன். உதவிக்கு வந்தவர் அறுந்த கம்பியின் மறுமுனையைத் தேடித் தோப்புக்குள் போனார். இசக்கி ஏணியில் கால் வைத்ததைப் பார்த்துவிட்டுத்தான் திரும்பினேன். அவனுடைய செல்போன் என் சட்டைப்பையில் இருந்தது. ஏறுகிறவன் போன் வைத்துக்கொள்ளக் கூடாது என்பது நான் போட்ட சட்டம்.

கோயில் கூப்பிடு தூரத்தையும் தாண்டி இருந்தது. வேப்பமரத்தில் நாலு குழாய் ஒலிபெருக்கி கட்டியிருந்தார்கள். அதில் ஒன்று தோப்பைப் பார்த்திருந்தது. பந்தலில் மைக்கைப் பிடித்துக்கொண்டு ஒருவர், பொங்கல் வைக்கும் பெண்கள் எல்லாரும் பானையோடு வரும்படி சொல்லிக்கொண்டிருந்தார். மைக் செட்டுக்காரர் தன் ஜெனரேட்டரில் செட்டை ஓட்டுகிறார் என்று புரிந்தது. அதில் தப்பு ஒன்றும் இல்லை, எல்லாக் கொடையிலும் நடப்பதுதான். நான் பைக்கை டீக்கடை முன்னால் நிறுத்தினேன்.

டீக்கடைக்காரர் முகமெல்லாம் சிரிப்பாக ஒரு டம்ளர் டீயோடு வந்தார்.

"ரொம்ப சந்தோசம் அண்ணாச்சி. சொன்ன மாதிரியே சட்டுனு கரண்டு விட்டுட்டீயளே! இந்தாங்க, இது நம்ம டீ."

நான் நிமிர்ந்து பார்த்தேன். கடைக்குள் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

தம்பிகளே, நான் கொடுக்காத கரண்டுக்கு எனக்கு ஒருவர் டீ கொடுத்தது அன்று ஒருநாள்தான். கட்டை மூன்றும் இசக்கியின் இடுப்பில் இருக்கிறது. அப்படியானால் இந்த விசிறியைச் சுற்றுவது யார்? கோயில் விளக்கும் எரியட்டும் என்று மைக் செட்டுக்காரன் ஜெனரேட்டர் வயரைக் கோயில் போர்டிலேயே சொருகிவிட்டான். மெயின் சுவிட்சை அணைக்கவில்லை. கரண்டு கோயிலுக்குள் போய், அங்கிருந்து சர்வீஸ் வயர் வழியாக வெளியே வந்து, லைனில் ஏறித் தோப்புக் கம்பத்தை நோக்கிப் போய்விட்டது. வர வேண்டிய பக்கம் அடைத்துவிட்டோம். வரவே கூடாத பக்கத்திலிருந்து வந்துவிட்டது.

சங்கிலி போட்டிருப்பான் என்று மனம் ஒரு கணம் சமாதானம் சொன்னது. டம்ளரை வைக்க இடம் தேடிக் குனிந்தேன். சங்கிலிப் பை என் பைக்கின் கைப்பிடியில் தொங்கிக்கொண்டிருந்தது.

அந்த இடத்தில் எனக்கு என்ன தோன்றியது என்று பல பேர் கேட்டிருக்கிறார்கள். பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை. ஆனால் கணக்கு மட்டும் மளமளவென்று ஓடியது. ஓடிப் போய்ச் சொன்னால் எட்டாது. போன் என் பையில். ஜெனரேட்டர் கோயிலுக்குப் பின்னால் வேனுக்குள் எங்கேயோ இருக்கிறது, ஆள் எங்கே என்று தெரியாது, தேட நேரம் இல்லை. கைக்கு எட்டிய தூரத்தில் இருந்தது மைக் ஒன்றுதான். அதைப் பேச வைப்பதும் அதே பாழாய்ப்போன கரண்டுதான்.

என்ன சொல்ல வேண்டும் என்பதையும் அந்த நாலு எட்டுக்குள் முடிவு செய்தேன். உங்களுக்கு நான் சொல்ல வந்ததே இந்த இடத்தைத்தான். பெயரை மட்டும் கூப்பிட்டால் மேலே இருப்பவன் திரும்பிப் பார்ப்பான். திரும்பும்போது பிடிமானத்துக்கு எதையாவது பிடிப்பான். "கரண்டு வருது" என்றால் எங்கே என்று யோசிப்பான். ஆபத்தில் இருப்பவனுக்குக் காரணம் சொல்லக் கூடாது. கை என்ன செய்ய வேண்டும் என்பதை மட்டும் சொல்ல வேண்டும். காரணத்தை அவன் கீழே இறங்கிய பிறகு நிதானமாகச் சொல்லிக்கொள்ளலாம்.

பந்தலில் ஏறி, பேசிக்கொண்டிருந்தவர் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கினேன்.

"ஏலே இசக்கீ! கைய எடுலே! ரெண்டு கையும் மேல தூக்கு!"

நாலு குழாயும் சேர்ந்து அலறின. அப்போதுதான் எனக்கு இன்னொன்று உறைத்தது. அது இசக்கியம்மன் ஊர். வீட்டுக்கு ஒரு இசக்கி, சில வீட்டில் இரண்டு.

ஊரே கையைத் தூக்கியது. சர்க்கரைப் பொங்கல் கிண்டிக்கொண்டிருந்த இசக்கியம்மாள் அகப்பையை விட்டுவிட்டுக் கையைத் தூக்க, பானை பொங்கி வழிந்தது. பொங்கியதைப் பார்த்த பெண்கள் குலவை போட்டார்கள். கோயிலுக்குப் பின்னால் சீட்டாடிக்கொண்டிருந்த இசக்கிப்பாண்டி, போலீஸ்தான் வந்துவிட்டது என்று சீட்டையெல்லாம் எறிந்துவிட்டு இரண்டு கையையும் தூக்கி நின்றான். டீ ஆற்றிக்கொண்டிருந்த இசக்கிமுத்து டீயைத் தன் வேட்டியிலேயே ஊற்றிக்கொண்டான். அம்மனுக்கு ஆடும் கோமரத்தாடி பெயரும் இசக்கிதான். அவருக்கு அருள் வர இன்னும் நேரம் இருந்தது. ஆனால் அவர் கையைத் தூக்கியதைப் பார்த்த மேளக்காரர்கள், வந்துவிட்டது என்று அடிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

"ஜெனரேட்டர நிறுத்துங்கவே! ஒடனே நிறுத்து..." என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே மைக் செத்துவிட்டது. கமிட்டித் தலைவர் ஓடிப்போய் ஜெனரேட்டர் வயரைப் பிடுங்கியிருந்தார். அந்த மனிதரை நான் அதுவரை என்னென்னவோ நினைத்திருந்தேன், எல்லாவற்றுக்கும் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். மைக் செட்டுக்காரன் அம்பாசமுத்திரத்திலிருந்து வந்தவன். அந்த இடத்தில் இசக்கி என்று பெயர் இல்லாத ஒரே ஆள் அவன்தான். அவன் மட்டும் கையைத் தூக்காமல் முறுக்குத் தின்றுகொண்டிருந்தான்.

எல்லா இசக்கியும் கேட்டார்கள். என் இசக்கி கேட்டானா?

மேளச் சத்தத்தில் தோப்புப் பக்கம் இருந்து ஒன்றும் கேட்கவில்லை. பைக்கை எடுத்தேன். அந்த வரப்புப் பாதையில் பைக் ஓட்டக் கூடாது, ஓட்டினேன். அவன் கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போனதே நான்தான். அவன் மனைவி முகம் கண்ணுக்கு முன்னால் வந்து வந்து போனது. அண்ணாச்சி கூட இருக்காருல்லா, பயமில்லை என்று அவள் அடிக்கடி சொல்வாள். கூட இருந்த அண்ணாச்சி டீக்கடையில் இருந்தேன். பெரிய எல்.சி. என்ற அந்தப் பேச்சை நானும் எத்தனையோ தடவை விளையாட்டாகச் சொல்லியிருக்கிறேன். அந்த வரப்பில் போகும்போது அது என் நாக்கில் கசந்தது.

வாழை இலைகளுக்கு மேலே கம்பத்தின் உச்சி தெரிந்தது.

இடுப்புக் கயிற்றில் சாய்ந்துகொண்டு, இரண்டு கையையும் வானத்தைப் பார்த்துத் தூக்கிக்கொண்டு இசக்கி நின்றான். போலீஸ் பிடித்த திருடன் மாதிரி அசையாமல் நின்றான். கம்பி அவன் நெஞ்சுக்கு எதிரே ஒரு சாண் தள்ளி இருந்தது.

"அண்ணாச்சி" என்று மேலேயிருந்து பையக் கூப்பிட்டான். "இப்ப எறக்கலாமா? கை வலிக்கு."

தூக்கச் சொன்னவன் இறக்கச் சொல்லவில்லையே, மைக்தான் செத்துவிட்டதே. அதுவரைக்கும் கையைத் தூக்கியபடியே நின்றிருக்கிறான். வாழ்நாளில் அவன் என் பேச்சை முழுசாகக் கேட்டது அன்றுதான்.

"பையக் கீழ எறங்குலே. கம்பிப் பக்கம் கை போகக் கூடாது" என்றேன்.

இறங்கி வந்தான். ஓங்கி ஒரு அறை விட வேண்டும் என்றுதான் பைக்கிலிருந்து இறங்கினேன். ஆனால் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன். அழுகை வந்துவிட்டது. அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, இடுப்புத் துண்டை அவிழ்த்து, மூன்று கட்டையையும் எனக்கு முன்னால் வைத்தான். நான் பைக்கிலிருந்து சங்கிலிப் பையை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தேன். நான் டீக்கடை விசிறியைப் பற்றிச் சொன்னேன். அவன் எல்லாவற்றையும் பார்த்தான். அப்புறம் அவனுக்கே உரிய திமிரோடு கேட்டான்.

"அப்போ எனக்குப் பெரிய எல்.சி. சாங்சன் ஆகலையா அண்ணாச்சி?"

"ஆகலைலே. உனக்கு அதுக்குத் தகுதி இல்லையாம்."

இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அவனும் அழுதான்.

அதன் பிறகு செய்ய வேண்டியதைச் செய்தோம். கோயில் மெயின் சுவிட்சை அணைத்துப் பூட்டி, சாவியை நான் வைத்துக்கொண்டேன். சங்கிலி போட்டு, கம்பியைக் கட்டி, எல்லாரும் இறங்கி, எல்.சி.யைத் திருப்பிக் கொடுத்தோம். கரண்டு வரும்போது மணி பன்னிரண்டு தாண்டிவிட்டது. யாரும் ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்கவில்லை. மைக் செட்டுக்காரன் வந்து, "நல்லதுன்னு நெனைச்சுத்தான் சொருகுனேன் அண்ணாச்சி" என்று கண் கலங்கினான். அவனைத் திட்டுவதற்கு என்னிடம் தெம்பு இல்லை. போர்டுக்கு முன்னால் உட்காரவைத்து, எந்த சுவிட்சை முதலில் அணைக்க வேண்டும் என்று அவன் வாயாலேயே திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தேன்.

ஊரில் வேறு கதை கிளம்பியிருந்தது. அம்மனே மைக்கில் பேசிவிட்டாள் என்றார்கள்.

"அது என் தொண்டைம்மா. இன்னும் வலிக்கு" என்றேன் பொங்கல் கொடுத்த இசக்கியம்மாளிடம்.

"உங்க தொண்டையில பேசுனா அவ பேசுனதில்லன்னு ஆயிருமா? சாப்பிடுங்க" என்றாள். அதற்கு மேல் நான் வாதாடவில்லை, பொங்கல் நன்றாக இருந்தது.

இசக்கி அன்றிலிருந்து சங்கிலியைப் பையில் வைப்பதை விட்டுவிட்டான். கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டுதான் ஏணியில் கால் வைப்பான். "மாலைய எறங்குன பெறகு போட்டா என்ன, ஏறும்போதே போட்டா என்ன?" என்பான். பிறகு அவனே போர்மேன் ஆனான். அவன் கோஷ்டியில் யாரும் பெரிய எல்.சி. வாங்கவில்லை. எனக்கு அடுத்து அவனும் ஓய்வுபெற்றான். பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு, மிச்ச நேரத்துக்கு என் உயிரை எடுக்கிறான்.

அந்தக் கோயிலில் ஒரு வழக்கம் வந்துவிட்டது. கொடைக்கு எந்த மைக் செட் வந்தாலும், ஜெனரேட்டரை ஓட்டும் முன் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, கமிட்டியில் ஒருவர் வந்து மைக் இல்லாமல் வெறும் தொண்டையில், "ஏலே இசக்கி, கைய எடு!" என்று மூன்று தடவை கூவுவார். கூவியதும் ஊரில் உள்ள இசக்கிகள் எல்லாரும் இருந்த இடத்தில் இருந்தே இரண்டு கையையும் தூக்குவார்கள். அகப்பையோடு சில கைகள், மேளக்குச்சியோடு சில கைகள். குழந்தைகளுக்கு அது பெரிய கொண்டாட்டம். ஏன் தூக்குகிறோம் என்று பாதிப்பேருக்குத் தெரியாது. தெரியாவிட்டால் ஒன்றும் மோசமில்லை, சுவிட்சை அணைத்துவிடுகிறார்கள் அல்லவா.

போன ஆடிக்கும் நாங்கள் இரண்டு பேரும் போயிருந்தோம். அதே டீக்கடை முன்னால் நின்றோம். கமிட்டிக்காரர் கூவினார். ஊர் கையைத் தூக்கியது. என் பக்கத்தில் இசக்கியும் தூக்கினான். தலை முழுக்க நரைத்துவிட்டது, கைத்தோலெல்லாம் சுருங்கிவிட்டது. கூவல் முடிந்து எல்லாரும் கையை இறக்கிவிட்டார்கள். அவன் மட்டும் இறக்காமல் என்னைப் பார்த்தான்.

"இப்ப எறக்கலாமா அண்ணாச்சி?"

"இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டும்லே" என்றேன்.